ஒன்பது ஐந்துக்கு வரும் பட்டியல்

அமலோற்பவம் மேடம் காலமான செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு எனக்கு வந்தது. அவருடைய கடிதம் ஒன்பது ஐந்துக்கு வந்தது.

செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் அவருடைய கணவர் சூசைராஜ். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் எங்கள் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன். "வேலு சார், அமலா போயிட்டா சார். விடியகாலம் ஆறு மணிக்கு" என்றார். பிறகு, "ஆபீஸ்ல நீங்களே சொல்லிடுங்க" என்று வைத்துவிட்டார். உள்ளே போய்ச் சொன்னேன். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் மாலைக்கு யார் சொல்வது என்று கேட்டார். நான் என் இடத்தில் உட்கார்ந்து கணினியைத் திறந்தேன்.

ஒன்பது ஐந்துக்கு மின்னஞ்சல் பெட்டியில் ஒரு வரி வந்து விழுந்தது. அனுப்புநர் இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயர். உள்ளே எங்கள் சேமிப்பு இயந்திரத்தின் அன்றைய பட்டியல். அதற்குக் கீழே அவர் என்றோ சேர்த்துவைத்த ஒரு வாக்கியம்: "இது பட்டியல்தான். முழுசா பார்க்கவும்."

நான் கணினியில் முதுகலை படித்தவன். அதை அனுப்பியது இயந்திரம் என்று எனக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாளும் அந்த நேரத்துக்குப் பட்டியல் எடுத்துத் தன் பெயரில் எனக்கு அனுப்பும்படி அவர் பல ஆண்டுகளுக்கு முன் அமைத்துவைத்திருந்தார். அந்த அமைப்புக்கு அவர் இறந்தது தெரியாது. இவ்வளவும் தெரிந்திருந்தும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அடுத்த நாளும் வந்தது. அடக்கம் முடிந்த மறுநாளும் வந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு வருபவர்களிடம் கொடுக்க அவருடைய குடும்பத்தார் ஒரு சிறு புத்தகம் அச்சிடுகிறார்கள். பங்குக் கோயிலிலிருந்து ஒருவரும் அவருடன் படித்த ஒருவரும் எழுதுகிறார்கள். அலுவலகத்திலிருந்து என்னைக் கேட்டார்கள். அவரைப் போற்றி எழுத நான் பொருத்தமான ஆள் அல்ல. கடந்த ஒன்பது ஆண்டுகளாக வேலைக்கு வெளியே அவரிடம் நான் ஒரு சொல்லும் பேசியதில்லை. அப்படியிருந்தும் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் அவர் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். உப்பளத்தில் அவருடைய தெருவில் இருப்பவர்கள் அவரைக் 'கம்ப்யூட்டர் டீச்சர்' என்று அழைப்பார்கள். அவர் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. எங்கள் நிறுவனம் பழைய காகிதங்களைப் படமெடுத்துப் பாதுகாக்கிறது. வீட்டுப் பத்திரங்கள், கோயில் பதிவேடுகள், பிரெஞ்சுக் காலத்தில் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி எழுதிய விற்பனை ஆவணங்கள் எல்லாம் கட்டுக்கட்டாக வரும். படமெடுத்ததும் மூலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். படங்கள் பின்னறையில் இருக்கும் ஒரு பெரிய சேமிப்பு இயந்திரத்தில் தங்கும். அதற்குள்ளே வீட்டுக்கு அறைகள் தடுத்ததுபோல் பல பிரிவுகள் உண்டு. ஒவ்வொன்றையும் வால்யூம் என்போம். எவ்வளவு வளரலாம், யார் திறக்கலாம், நேற்றைய நிலையின் நகல் எத்தனை நாள் இருக்க வேண்டும், இடம் நிரம்பினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வால்யூமுக்கும் தனித்தனி அமைப்பு.

அந்த அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் எங்களிடம் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். 'ஷோ' என்று அடித்து வால்யூமின் பெயரைக் கொடுத்தால் காட்டும். 'மாடிஃபை' என்று அடித்தால் மாற்றும். பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வால்யூமுக்கும் என்று பொருள். 'ஷோ'விலும் இரண்டு விதம் உண்டு. சும்மா கேட்டால் வால்யூமுக்கு ஒரு வரி என்று பட்டியல் வரும். முழுதாகக் காட்டச் சொன்னால் ஒரே வால்யூமுக்கு இரண்டு திரை நிறையத் தகவல் வரும். அதில் குறிப்பு, அதாவது கமெண்ட், என்று ஓரிடம் உண்டு. ஆயிரம் எழுத்துக்குள் எதை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். பட்டியலில் அது வராது. முழுதாகப் பார்த்தால்தான் தெரியும்.

பதினாறு ஆண்டுகளாக அந்தக் கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். அவரும் நானும்.

நாங்கள் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பட்டம் பெற்றவர் அல்ல, டிப்ளமோதான். அதை அப்போதே மனத்தில் குறித்துக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடமே "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்பார். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்துக் கப்பல்துறையில் எழுத்தராக இருந்தவராம். வீட்டில் மிஞ்சிய பிரெஞ்சு அந்த ஒரு சொல்தான் என்று சிரிப்பார்.

முதல் சச்சரவு வால்யூம்களுக்குப் பெயர் வைப்பதில் வந்தது. ஒன்று, இரண்டு என்று எண் போடலாம் என்றேன்.

"வேணாம் சார். நம்பர் போட்டா கை தப்பும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல இன்னா இருக்குது? ஊர் பேரு வைப்போம். யாரும் உப்பளத்துக்குப் போறேன்னு கெளம்பி நோணாங்குப்பத்துல எறங்க மாட்டாங்க."

"இது இயந்திரம் மேடம், பஸ் இல்ல."

"ஏறி உக்கார்றது நாமதான சார்" என்றார்.

அவர் வீடு இருக்கும் உப்பளம் ஒன்று. கணவர் படகு எஞ்சின் பழுது பார்க்கும் நோணாங்குப்பம் ஒன்று. "உங்க ஊரு எது சார்?" என்று கேட்டார். பாகூர்ப் பக்கம் என்றேன், அதையெல்லாம் வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். மறுநாள் பார்த்தால் பாகூர் என்று ஒரு வால்யூம் இருந்தது. "சும்மா இருக்கட்டும் சார். பெரிய ஊரு, நெறைய எடம் குடுத்துருக்கறேன்" என்றார். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. அவரோடு சேர்ந்து நான் சிரித்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது அவற்றில் ஒன்று.

இனி ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததற்கு வருகிறேன்.

இயந்திரத்தைக் கவனிப்பதில் எங்களுக்கு வார முறை உண்டு. ஒரு வாரம் அவர், மறு வாரம் நான். தன் வாரம் இல்லாதபோதும் இருவரும் உள்ளே நுழையலாம். அப்போது இருவருக்கும் ஒரே பொது நுழைவுப் பெயர்தான் இருந்தது, யார் மாற்றினார் என்று அதில் தெரியாது. அந்த வாரம் என் முறை. வியாழக்கிழமை மதியம் அவர் என் மேசைக்கு வந்து, நோணாங்குப்பத்தில் இடம் நெருக்கடி, நிரம்பினால் பழைய நகல்கள் தானாக அழியும்படி அதற்கு மட்டும் மாற்றிவிடுகிறேன் என்றார். சரி என்றேன்.

அடுத்த புதன்கிழமை படமெடுக்கும் கூடத்தில் ஒருவர், வேறிடத்துக்கு மாற்றியாகிவிட்டது என்று நினைத்து, உப்பளம் வால்யூமிலிருந்து ஒரு பெரிய தொகுப்பை அழித்துவிட்டார். நான்கு மாத உழைப்பு. நூறாண்டுக்கு முந்தைய நொத்தேர் ஆவணங்கள். பதற வேண்டியதில்லை, முந்தின நாள் நகல் இருக்கும், எடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே திரையைத் திறந்தேன். ஒரு நகலும் இல்லை. உப்பளத்தில் நகல்கள் ஒருபோதும் தானாக அழியக் கூடாது என்றுதான் வைத்திருந்தோம். அந்த அமைப்பு மாறியிருந்தது. வார இறுதியில் வால்யூம் நிரம்பி, இயந்திரம் தனக்குச் சொல்லப்பட்டபடி நகல்களை ஒவ்வொன்றாகத் தின்றிருந்தது. மற்ற எல்லா வால்யூமிலும் அதே மாற்றம் இருந்தது. யாரோ பெயருக்குப் பதிலாக நட்சத்திரம் போட்டு மாற்றியிருக்க வேண்டும்.

எங்கள் உரிமையாளர் இருவரையும் அறைக்கு அழைத்தார்.

"யார் மாத்துனது?"

"நான் இல்ல சார்" என்றேன்.

மேடம் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியல சார்" என்றார்.

"மாறுனப்ப யாரோட வாரம்?"

"என் வாரம்தான் சார், ஆனா..."

"ஆனான்னா? எந்திரத்துக்கு நட்சத்திர தோஷமா?" என்றார் அவர். பக்கத்திலிருந்த மேலாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வியாழக்கிழமை மேடம் என்னிடம் சொன்னதை நான் அங்கே சொல்லவில்லை. அவராகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மூன்று பேர் வீடு வீடாகப் போய் மூலப் பத்திரங்களை மறுபடி கேட்டார்கள். சிலர் கொடுக்க மறுத்தார்கள். சிலவற்றைக் கரையான் தின்றிருந்தது. அந்த மாதக் கடைசியில் என்னைப் பின்னறையிலிருந்து எடுத்துப் படமெடுக்கும் கூடத்தில் போட்டார்கள். என்னிடம் முதுகலைப் பட்டம் இருந்தது. இரண்டு ஆண்டுகள் பழைய காகிதங்களைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து நேராக்கிக்கொண்டிருந்தேன். மேடம் பொறுப்பாளர் ஆனார்.

அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வியக்கும் ஒரு பழக்கம் அந்த நாட்களில்தான் அவரிடம் தொடங்கியது. எந்த மாற்றத்துக்கும் வரியை அடித்து முடித்ததும் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அடித்ததை முதலிலிருந்து வாய்விட்டுப் படிப்பார். வால்யூமின் பெயரை இரண்டு முறை சொல்வார். அதன் பிறகுதான் என்டர். பூசையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். இதைப் பக்தி என்றார்கள் சிலர், ஒழுங்கு என்றார்கள் சிலர். கூடத்தின் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் நடிப்பு என்றேன். மனத்துக்குள் அல்ல, நான்கு பேர் கேட்கச் சொன்னேன். அவர் காதுக்கும் போயிருக்கும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து என்னை மீண்டும் பின்னறைக்கு அழைத்தார்கள். உரிமையாளரிடம் ஆறேழு முறை கேட்டு அதை நடத்தியவர் மேடம்தான் என்று பின்னர் அறிந்தேன். நன்றி சொல்லவில்லை. எனக்கு உரியதைத்தானே கொடுத்தார் என்று நினைத்தேன். தலைமை அவரிடமே இருந்தது.

நான் திரும்பி வந்த வாரத்திலிருந்துதான் ஒன்பது ஐந்துக்குப் பட்டியல் வரத் தொடங்கியது. முதல் நாள் என் மேசைக்கு வந்து, "லிஸ்ட்டு தெனம் வரும் வேலு சார். ஆனா லிஸ்ட்டோட நிறுத்தாதீங்க. ஒவ்வொண்ணையும் ஒரு தடவ முழுசா பாருங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் யாருக்குச் சொல்வது? அன்றே ஒரு முடிவு எடுத்தேன். அவர் முழுதாகப் பார் என்றால் நான் பட்டியலோடு நிறுத்துவேன். கடிதம் வந்ததும் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்து அடுத்த கணமே மூடிவிடுவேன். வேலைக்குத் தேவையான வால்யூம்களை முழுதாகப் பார்த்ததுண்டு. உப்பளத்தை மட்டும் பார்க்கவில்லை. அதில் புதிதாக எதுவும் போடாமல் பூட்டிவைத்திருந்தார்கள், தேவையும் வரவில்லை. அந்தப் பெயரைத் திரையில் அடிக்கவே எனக்குக் கை வராது.

அதற்குப் பத்து நாள் கழித்து நடந்த ஒரு சின்னப் பேச்சை அப்படியே எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் நின்றார்.

"வேலு சார், உப்பளத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். திரும்பக்கூட இல்லை.

"முழுசா?"

"பாத்தேன்னு சொல்றேன் இல்ல மேடம்? இப்ப இன்னா அதுக்கு?"

"ஒண்ணுமில்ல சார். பர்தோன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர் சாப்பிடவில்லை. என் வேலையைச் சோதிக்க வந்தவர் பொய்யைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பிப் போகிறார் என்று நான் மகிழ்ந்தேன்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள். காலை வணக்கம், வால்யூமின் பெயர், எண், மாலையில் ஒரு தலையசைப்பு. என் தகப்பனார் இறந்தபோது உப்பளத்திலிருந்து பாகூர் வரை பஸ்ஸில் வந்து பந்தல் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

கடந்த ஆண்டு அவருக்கு நோய் கண்டது. கீமோ எடுத்துக்கொண்டே, தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். பின்னறைக் குளிருக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை வைத்திருப்பார். கடைசி மாதங்களில் இரண்டு போட்டுக்கொண்டார். அதே நேரம் பழைய சேமிப்பு இயந்திரத்தை மாற்றிப் புதியதை வாங்க முடிவாயிற்று. எல்லா வால்யூம்களையும் அதற்குக் கொண்டுபோகும் வேலை இருந்தது. அவரால் அதை முடிக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு, அந்த வேலையைப் பற்றிக் கேட்டுவரச் சொல்லி அலுவலகம் என்னை மருத்துவமனைக்கு அனுப்பியது. நானாகப் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். கட்டிலில் சாய்ந்திருந்தார். கைகள் மடியில் இருந்தன. ஒவ்வொரு வால்யூமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்றையும் மறக்கவில்லை. கடைசியில் உப்பளம் வந்தது.

"படமெல்லாம் தன்னால போயிடும் சார். செட்டிங்கும் போயிடும். கமெண்ட்டு மட்டும் போவாது. அத நாமதான் கையால போடணும்."

"தெரியும் மேடம்."

"போடறதும் போடாததும் உங்க இஷ்டம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நோயின் அசதியில் ஏதோ சொல்கிறார் என்று எண்ணினேன். "சரி மேடம், ரெஸ்ட் எடுங்க" என்று எழுந்துவிட்டேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன சொற்கள் அவைதான்.

உப்பளம் அழிந்த பிறகு ஆளுக்கொரு நுழைவுப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர் போன பிறகு, அவருடையதை மூட வேண்டும் என்றார்கள். மூடுமுன் அந்தப் பெயரை நம்பி இயங்குபவை எவை என்று பார்க்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி இல்லை. வால்யூம் ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்தாக வேண்டும். அடக்கம் முடிந்து ஆறாம் நாள், முற்பகல் பதினோரு மணி. கூடத்தில் இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய சாம்பல் சட்டை அவர் நாற்காலியின் முதுகில் அப்படியே கிடந்தது. பாகூர் முடிந்தது, நோணாங்குப்பம் முடிந்தது. உப்பளம் என்று அடித்தேன்.

அமைப்புகள் வரிவரியாக ஓடின. குறிப்பு என்ற இடத்தில் திரை நின்றது. கறுப்புத் திரையில் தமிழ் எழுத்து வராது. ஆங்கில எழுத்துகளில் தமிழாக எழுதியிருந்தார். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்:

"பர்தோன் வேலு சார். இது என் கை. நோணாங்குப்பத்துக்கு மட்டும்தான் மாத்த வந்தேன். மேல் அம்பை அழுத்திப் பழைய வரியை எடுத்தேன். அது எல்லாத்தையும் காட்டச் சொன்ன ஷோ வரி. ஷோவை அழிச்சு மாடிஃபை போட்டேன். நட்சத்திரத்தை மாத்தல. நிச்சயமான்னு கேட்டுது, ஆமான்னு அழுத்துனேன். அந்த ரூம்ல எனக்கு வாய் வரல. வீட்டுல மாமியாருக்கு அப்ப ஆபரேஷன், வேலை போயிடும்னு பயம். அது காரணம் இல்ல, பயம்தான். இதப் பாத்துட்டு நீங்க இன்னா சொன்னாலும் சரி. முதலாளிகிட்டப் போகச் சொன்னா அன்னிக்கே போறேன். அமலோற்பவம்."

இந்த வேலையை அறிந்தவர்களுக்கு அந்தத் தவறு எவ்வளவு சின்னது என்று தெரியும். முந்திய வரியை மேல் அம்பால் மீட்டு, ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்புவது நாங்கள் நாளுக்கு முப்பது முறை செய்வது. பார்க்கும் வரியில் நட்சத்திரம் இருந்தால் ஒரு கேடும் இல்லை. மாற்றும் வரியில் அது இருந்தால் ஊரே போய்விடும். நானும் அப்படிச் செய்திருப்பேன். என் கை தப்பாமல் போனதற்குத் திறமை காரணமல்ல.

அதை நான்கு முறை படித்தேன். பிறகு எனக்கு எரிச்சல்தான் வந்தது. துக்கம் வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வரவில்லை. அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உரிமையாளரின் அறைக்கு நடந்தேன். கதவருகே வரை போனேன். உள்ளே அவர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே மேலாளர். ஒன்பது ஆண்டுகள் அந்த வாசலில் இந்தக் காகிதத்தோடு நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். அவர் அதை எப்போது எழுதினார் என்ற கேள்வி அங்கே நிற்கும்போதுதான் வந்தது. முதல் நாள் என் மேசைக்கு வந்து முழுசா பாருங்க என்றாரே. பத்து நாள் கழித்துச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்றாரே.

பாத்தேன் என்றேன்.

கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு நோணாங்குப்பம் போனேன்.

படகுத்துறைக்குப் பின்னால் கழற்றிப்போட்ட எஞ்சின்களுக்கு நடுவில் சூசைராஜ் உட்கார்ந்திருந்தார். மனைவி போன ஏழாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார். "வூட்ல உக்காந்தா செவுரு பேசுது சார்" என்றார். காகிதத்தை நீட்டினேன். கையில் எண்ணெய் என்று வாங்கவில்லை. "நீங்களே படிங்க" என்றார். படித்தேன். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கிளம்பியது. அந்தச் சத்தம் அடங்கியதும் பேசினார்.

"தெரியும் சார். எழுதிட்டு வந்த அன்னிக்கே சொல்லிட்டா. தெனம் சாயந்தரம் கேப்பேன், பாத்தாரான்னு. இன்னும் இல்லன்னுவா. ஒருநாள் வந்து பாத்திரத்த அப்டியே வச்சா. சோறு அப்டியே இருந்துது. இன்னாடின்னேன். 'அவரு பாத்துட்டாருங்க. பாத்தேன்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல'ன்னா."

காகிதத்தை மறுபடி மடித்தேன்.

"மன்னிக்கலன்னா திட்டவாவது செய்யலாமில்லன்னு ரெண்டு நாள் அழுதா. அப்பறம் அவளே சொல்லிக்கிட்டா, 'அவரு முதலாளிகிட்டயும் போகல, யாருகிட்டயும் சொல்லல, பெரிய மனுசரு, அவரு இஷ்டம்'னு. அதுக்கப்பறம் உங்கள ஒரு பேச்சு பேச வுட மாட்டா வூட்ல. எங்க பையன் ஒருநாள் கேலியா, 'உன்ன மதிக்காத ஆளுக்கு இன்னா இவ்ளோ'ன்னான். அறைஞ்சிட்டா சார் அவன. இருவத்திநாலு வயசுப் பையன."

அப்போது சொல்லிவிட்டேன். நான் பார்க்கவில்லை என்றேன். ஏழு வருஷம் அது அங்கே இருந்தது, ஒரு வரி அடித்தால் வந்திருக்கும், நான் அடிக்கவில்லை என்றேன். பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் பார்த்தேன் என்று பொய் சொன்னேன் என்றேன்.

சூசைராஜ் கோபப்படுவார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துத் துணியின் மேல் வைத்தார்.

"நல்லவேள சார்" என்றார். "அவளுக்குத் தெரியாம போச்சு."

அது நல்லவேளையா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டே ஒருவர் இறந்துபோனார். அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை. அவர் ஏழு ஆண்டுகள் எதிரே உட்கார்ந்து மரியாதை செலுத்திக்கொண்டிருந்தது வெற்று நாற்காலிக்கு.

"முப்பதுக்கு புக்கு போடறோம் சார். அவ இன்னா வேலை பாத்தான்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. நீங்க எழுதுங்க."

"இதையுமா?"

"அவதான் எழுதி வச்சிட்டாளே சார். இனிமே மறைக்கிறதுக்கு நாம யாரு?"

அந்த அனுமதியோடுதான் எழுதியிருக்கிறேன். எங்கள் உரிமையாளரும் மேலாளரும் பூசைக்கு வருவார்கள், இந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். படிக்கட்டும். என் பெயர் தேறிவர வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் எனக்கிருக்கும் கசப்பு கொஞ்சமும் குறையவில்லை. மேடத்தின் மேல் இருந்த கசப்பைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதை வைத்திருந்த இடம் காலியாகிவிட்டது, அதன் கனம் மட்டும் இருக்கிறது.

புதிய இயந்திரம் வந்துவிட்டது. சென்ற வாரம் வால்யூம்களை மாற்றினேன். அவர் சொன்னது சரிதான். படங்கள் போயின, அமைப்புகள் போயின. குறிப்பு போகவில்லை. புதிய உப்பளத்தை முழுதாகக் காட்டச் சொன்னேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. விட்டுவிட்டால் பழைய இயந்திரத்தோடு அதுவும் போய்விடும். போடுவதும் போடாததும் என் இஷ்டம்.

அச்செடுத்த காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய வரிகளை ஒரு எழுத்து பிசகாமல் அடித்தேன். அவர் பெயருக்குப் பிறகு நான் ஒரு வரி சேர்த்தேன். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பின்னறையில் யாரும் இல்லை. முதலிலிருந்து வாய்விட்டுப் படித்தேன். உப்பளம், உப்பளம் என்று இரண்டு முறை சொன்னேன். எங்கும் நட்சத்திரம் இல்லை என்று பார்த்துக்கொண்டு என்டரை அழுத்தினேன்.

அவருடைய நுழைவுப் பெயரைச் சனிக்கிழமை மாலை மூடினேன். திங்கட்கிழமை காலை சீக்கிரமே போய் உட்கார்ந்தேன். ஒன்பது ஐந்து ஆயிற்று. ஒன்பது பத்து ஆயிற்று. பெட்டியில் எதுவும் வரவில்லை. சாம்பல் சட்டை நாற்காலியில் இருந்தது. அதைச் சூசைராஜிடம் கொடுத்துவிட வேண்டும்.

பட்டியல் வராததால் நானே கறுப்புத் திரையைத் திறந்து உப்பளத்தை முழுதாகக் காட்டச் சொன்னேன். இரண்டு திரை ஓடி நின்றது. அவர் எழுதியது இருந்தது. அதன் கீழே நான் எழுதியதும் இருந்தது:

"பாத்துட்டேன் மேடம். இப்பத்தான் பாத்தேன். பர்தோன். குமரவேல்."

போய் வாருங்கள், மேடம்.